கேள்வி – பதில்: அங்கே யாராவது இருக்காங்களா?

உசிலம்பட்டிப் பக்கம் ராத்திரி வானத்தில் வரிசையாக விளக்கு போனதை யாரோ மொபைலில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டாலும் விட்டார்கள், இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேற்றுக்கிரகம் பற்றித்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார். பூமியைத் தவிர வேறு எங்காவது உயிர் உண்டா, இல்லையா? – கல்லூரி மாணவர், திருநகர்

தெரியாது.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் இது நம் தாத்தா காலத்துத் 'தெரியாது' இல்லை தம்பி. சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கிறதா என்பதே 1995 வரைக்கும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த வருடம் சுவிட்சர்லாந்தின் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தைச் சுற்றுகிற ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள், 2019-இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. இன்றைக்கு உறுதி செய்யப்பட்ட வெளிக்கிரகங்கள், அதாவது நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கிற கிரகங்கள், 6,000-ஐத் தாண்டிவிட்டன. நம் பால்வெளி மண்டலத்தில் நட்சத்திரங்கள் குறைந்தது 10,000 கோடி, பெரும்பாலானவற்றுக்குக் கிரகம் இருக்கும் என்றுதான் இப்போதைய கணக்கு. ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை.

சரக்குக்கும் பஞ்சமில்லை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா 2023 செப்டம்பரில் 120 கிராம் போல மண் கொண்டுவந்தது. அதைப் பிரித்துப் பார்த்து 2025 ஜனவரியில் சொன்னார்கள்: பூமியில் உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்துகிற 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருக்கின்றன, டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் எழுத்து மாதிரி இருக்கிற ஐந்து காரங்களும் இருக்கின்றன. மனை இருக்கிறது, செங்கலும் மணலும் வந்து இறங்கிவிட்டன. கொத்தனார் வந்தாரா என்பதுதான் தெரியவில்லை.

என் சொந்தப் பந்தயம் என்ன என்று கேட்டால், கிருமி அளவில் உயிர் பல இடங்களில் இருக்கும் என்பேன், பேசிப் பழகுகிற ஆள் பக்கத்தில் யாரும் இல்லை என்பேன். பந்தயத்தை ஆதாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வரிசையாகப் போன அந்த விளக்குகள்தான் என்ன? ரயில் பெட்டி மாதிரி சத்தமே இல்லாமல் போனது. எங்கள் ஊரில் பாதிப்பேர் பார்த்தோம். – விவசாயி, உசிலம்பட்டி

வானத்திலிருந்து இன்டர்நெட் கொடுக்கிற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அண்ணே. ஒரே ராக்கெட்டில் இருபது முப்பது என்று மொத்தமாக ஏற்றி விடுகிறார்கள், மேலே போய் ஒவ்வொன்றும் பிரிந்து தன் இடத்துக்கு நகர்வதற்கு முந்தின சில நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கிறது, அது பட்டுத்தான் பளபளக்கிறது. அதனால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலோ விடியப் போகிற நேரத்திலோதான் பார்ப்பீர்கள், நடு ராத்திரியில் அநேகமாகத் தெரியாது. 2019-இலிருந்து இந்தக் கூத்து உலகம் முழுக்க நடக்கிறது. இதற்கு முன்னால் இந்த வேலையை வெள்ளிக் கிரகம் பார்த்துக்கொண்டிருந்தது, அதைப் பறக்கும் தட்டு என்று சொன்னவர்கள் ஏராளம்.

கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்புறம் இல்லை என்று வந்தது. யாரை நம்புவது? – பிளஸ் டூ மாணவர், திருமங்கலம்

இரண்டு செய்தியையும் தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே போய்ப் படித்தால் யாரும் பொய் சொல்லவில்லை என்பது தெரியும். தலைப்புப் போட்டவர்களைத் தவிர.

அந்தக் கிரகம் சிம்ம ராசி விண்மீன்கள் இருக்கிற திசையில், 124 ஒளியாண்டு தூரத்தில் (ஒளி ஒரு வருடத்தில் போகிற தூரம் ஓர் ஒளியாண்டு) இருக்கிறது. பூமியைப் போல எட்டரை மடங்கு எடை, தன் சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை 33 நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதை நேரில் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கிரகம் நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும்போது அதன் விளிம்புக் காற்றின் வழியாகக் கசிந்து வருகிற துளி வெளிச்சத்தில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, இன்ன வாயு இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் இருக்கிற நிக்கு மதுசூதன், நம் நாட்டில் பிறந்து வாரணாசியில் படித்தவர், அவருடைய குழு 2023-இல் அங்கே மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரிய தகராறு இல்லை. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதற்கு நெருங்கிய இன்னொரு சேர்மம், தெரிவதாகச் சொன்னபோதுதான் ரகளை. ஏனென்றால் பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலில் மிதக்கிற நுண்பாசிகள்தான் விடுகின்றன.

இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது. முதலாவது, அந்த வாயு நிஜமாகவே இருக்கிறதா? அவர்கள் சொன்ன நம்பிக்கை அளவுக்குப் பெயர் 3 சிக்மா, அதாவது வெறும் இரைச்சலே அப்படித் தெரிந்திருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்டுபிடிப்பு என்று சொல்ல இயற்பியல்காரர்கள் கேட்பது 5 சிக்மா. அதுபோக அதே தரவை வேறு குழுக்கள் வேறு முறையில் கணக்குப் போட்டபோது அந்த அடையாளம் மங்கிப்போனது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சரி, வாயு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், உயிர் இல்லாமலே அது உண்டாகுமா? உண்டாகும் போலத்தான் இருக்கிறது. ரொசெட்டா விண்கலம் போய்ப் பார்த்த 67பி என்கிற வால்நட்சத்திரத்தில் அதே டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே பாசியும் இல்லை, கடலும் இல்லை. உறைபனியும் தூசியும்தான்.

2020 செப்டம்பரில் வெள்ளியின் மேகத்தில் பாஸ்பீன் என்ற வாயு இருக்கிறது, அது உயிரின் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு பரபரப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? அதுவும் இதே வழியில்தான் போனது. முதலில் சொன்ன அளவைப் பிறகு அவர்களே குறைத்தார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. இனிமேல் இந்த மாதிரித் தலைப்பு எதைப் பார்த்தாலும் 'உயிர் இல்லாமலே இது நடக்குமா' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி பரபரப்பு அங்கேயே அடங்கிவிடும்.

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்று அண்டங்களைப் பற்றி அன்றே பாடிவிட்டார். இன்றைய விஞ்ஞானம் புதிதாக என்ன சொல்லிவிட்டது? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

வணக்கம் ஐயா. அந்த வரியும், அந்த அண்டங்களை வீட்டுக்குள் நுழைகிற வெயில் கதிரில் மிதக்கும் தூசிக்கு ஒப்பிடுகிற அடுத்த வரியும் எனக்கும் மனப்பாடம். ஆனால் அவர் பாட வந்தது இறைவனின் பெருமையை. அண்டங்கள் அவ்வளவு சிறியதாகத் தோன்றும்படி அவன் பெரியவன் என்பதுதான் அங்கே பேச்சு. அவர் அண்டங்களை எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, எண்ணியதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த வரிகளில் அங்கே யார் குடியிருந்தார்கள் என்ற விவரமும் கிடையாது. அதை டெலஸ்கோப் கணக்கோடு போட்டிக்கு நிறுத்தினால் பாட்டுக்கும் அழகில்லை, கணக்குக்கும் பயனில்லை.

பெருமைப்பட வேறொரு விஷயம் இருக்கிறது. ரோமில் 1600-இல் ஜியோர்டானோ புரூனோ என்ற தத்துவ அறிஞரை உயிரோடு எரித்தார்கள், அவர் மேல் சுமத்திய குற்றங்களில் எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று சொன்னதும் ஒன்று. இங்கே அப்படிப் பாடியவரின் பாட்டை எட்டாம் திருமுறையாக வைத்துக் கும்பிட்டோம்.

செவ்வாயில் சிறுத்தைப் புள்ளி போட்ட பாறை கிடைத்ததாமே, அது உயிரின் அடையாளம் என்கிறார்களே, புள்ளிக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்? – குடும்பத் தலைவி, மேலூர் அருகே ஒரு கிராமம்

அம்மா, உங்கள் ஊர்க் கண்மாயில் வைத்தே சொல்லிவிடலாம். கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது ஊரே கூடையும் வலையுமாக இறங்குமே, அப்போது முழங்கால் வரை ஏறுகிற சேற்றைக் கவனித்திருப்பீர்கள். மேலே பழுப்பு, காலை உள்ளே அழுத்தினால் கீழே கன்னங்கரேல் என்று ஒரு சேறு, கூடவே அழுகின முட்டை நாற்றம். அந்தக் கறுப்பைக் கரையில் கொஞ்ச நேரம் காற்றாட விட்டால் மறுபடி பழுப்பாகிவிடும். காற்று எட்டாத அடிச்சேற்றில் வாழ்கிற நுண்ணுயிர்கள் மக்கிய இலைதழையைத் தின்றுவிட்டு, ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டையும் இரும்புத் துருவையும் வைத்துச் சுவாசிக்கின்றன. நாற்றம் அவை விடுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறுப்பு.

இப்போது செவ்வாய்க்கு வாருங்கள். ஜெசெரோ என்கிற பெரிய பள்ளத்தில் 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஏரி இருந்தது, ஆறு வந்து கலந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆற்றுப் பாதையில் 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் (செவ்வாயில் ஓடுகிற ஆளில்லா வண்டி) ஒரு பாறையைப் பார்த்தது. களிமண் இறுகிய பாறை; அதில் சில மில்லிமீட்டர் அளவில் வெளிர் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுத்த விளிம்பு. அதில் இரண்டு கனிமங்கள் இருப்பதாக 2025 செப்டம்பரில் கட்டுரை வந்தது: விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட், கிரைகைட் என்ற இரும்பு சல்ஃபைடு. கரிமப் பொருளும் அதே பாறையில் இருக்கிறது. பூமியில் இந்தக் கூட்டணி சேற்று அடியில், நம் கண்மாய் நுண்ணுயிர்கள் பார்க்கிற அதே மாதிரி வேலையால், உண்டாவது சகஜம்.

சரி, நம் கேள்வியைக் கேட்போம். உயிர் இல்லாமலே இது நடக்குமா? நன்றாகச் சூடுபடுத்தினால் நடக்கலாம். ஆனால் அந்தப் பாறை சூடு கண்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்களும் இந்த முறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு சொல்ல அந்தக் கல் இங்கே வரவேண்டும், ரோவர் அதில் துளைத்து எடுத்த துண்டைக் குழாயில் அடைத்து வைத்தும் இருக்கிறது. அதைக் கொண்டுவருகிற அமெரிக்கத் திட்டம்தான் பணம் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. சீனா தன் பங்குக்கு தியான்வென்-3 என்ற கலத்தை 2028 வாக்கில் அனுப்பி வேறொரு இடத்து மண்ணை எடுத்துவரப் பார்க்கிறது. இவ்வளவு செலவு செய்து கல்லைக் கண்டுபிடித்துவிட்டு எடுக்க ஆள் அனுப்பாமல் இருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு காரணத்துக்காக நிதானம் வேண்டும். 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் சத்துநீர் விட்டுப் பார்த்தபோது வாயு குபுகுபுவென்று வந்தது, உயிர்தான் என்று துள்ளினார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்ட பிறகு, அது வெறும் வேதிவினையாக இருந்திருக்கலாம் என்பதற்கு வலு கூடிவிட்டது.

ஒரு கிருமியைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? வெங்காய விலை குறையுமா? – கடைக்காரர், செல்லூர்

குறையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் கடை வாசலில் நிற்கிற வேப்பமரம், கல்லாவில் ஓடுகிற எறும்பு, நீங்கள், நான், தயிரில் இருக்கிற பாக்டீரியா எல்லோரும் ஒரே வம்சம். எல்லோருக்கும் ஒரே டிஎன்ஏ எழுத்து. பூமியில் உயிர் என்று நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு தடவை தொடங்கிய ஒரே கதை. ஒன்றை வைத்துக்கொண்டு 'இது சகஜமா, அதிசயமா' என்று எப்படிச் சொல்வது? இரண்டாவதாக, தனியாகத் தொடங்கிய இன்னொன்று கிடைத்துவிட்டால் போதும், ஒரே சூரியக் குடும்பத்திலேயே இரண்டு முறை என்றால் பிரபஞ்சம் முழுக்க உயிர் மொய்க்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

'தனியாகத் தொடங்கிய' என்று சொன்னதில்தான் சிக்கல். செவ்வாயில் கிருமி கிடைத்தாலும் அது நம் சொந்தக்காரனாக இருக்கலாம். அங்கிருந்து பெயர்ந்த கல் இங்கே விழுவது நடக்கிற காரியம். பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் 1865-இல் விழுந்த கல் செவ்வாய்க் கல்தான், அந்த வகைக் கற்களுக்கே உலகம் முழுக்க அந்த ஊர்ப் பெயர்தான். கல்லோடு கிருமியும் பயணம் செய்திருந்தால்? அதனால் எனக்குச் செவ்வாயை விட ஆசை காட்டுவது சனியின் நிலா என்செலடஸ். குறுக்களவு 500 கிலோமீட்டர், மதுரையிலிருந்து சென்னை போகிற தூரத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல், தென்துருவத்தில் வெடிப்பு வழியாக அந்தத் தண்ணீர் விண்வெளிக்குப் பீய்ச்சி அடிக்கிறது. காசினி விண்கலம் அந்தப் பீச்சலுக்கு உள்ளேயே புகுந்து போனது. ஹைட்ரஜன் இருப்பது 2017-இல் தெரிந்தது, பாஸ்பேட் 2023-இல். நுண்ணுயிருக்குச் சாப்பாடு தயார். துளைபோடக்கூட வேண்டாம், அடுத்த கலம் பறந்து பிடித்துக்கொண்டாலே போதும், ஆனால் அதற்கு நாள் குறித்தபாடில்லை. இப்போதைக்கு வியாழனின் நிலா யூரோப்பாவுக்குக் கிளிப்பர் என்ற கலம் 2024 அக்டோபரில் கிளம்பியிருக்கிறது, 2030-இல் போய்ச் சேரும். அதுவும் உயிரைத் தேடப் போகவில்லை, உயிர் வாழ வசதி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இவ்வளவு பெரிய அண்டத்தில் எத்தனையோ நாகரிகம் இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஏன் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை? எங்கள் டீக்கடையில் தினமும் இதே சண்டை. – வாசகர், வாடிப்பட்டி

1950-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்ரிகோ ஃபெர்மி என்ற இயற்பியல் மேதை இதையேதான் கேட்டார், 'எங்கே எல்லோரும்?' என்று. டீக்கடையில் நடந்தாலென்ன, அங்கே நடந்தாலென்ன, நல்ல கேள்வி நல்ல கேள்விதான்.

முதல் காரணம் தூரம். மனிதன் அனுப்பியதில் மிகத் தொலைவு போயிருப்பது 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகம், இத்தனை வருடம் ஓடியும் ஒளி ஏறக்குறைய ஒரே நாளில் போகிற தூரம்தான் போயிருக்கிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு, அந்த வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டு. அதற்கும் ஒரு கிரகம் இருப்பது 2016-இல் தெரிந்தது, போய்ப் பார்க்கத்தான் வழியில்லை.

இதைவிடப் பெரிய காரணம் காலம் என்று நினைக்கிறேன். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. உயிர் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது, ஆனால் விலங்கு என்று ஒன்று தலைகாட்ட அதற்கப்புறம் கிட்டத்தட்ட 290 கோடி ஆண்டு ஆனது. ரேடியோ வந்து நூற்றுச்சொச்சம் வருடம். வெளியூர்க்காரன் யாராவது தற்செயலாக ஏதோ ஒரு நாளில் நம் பூமியை எட்டிப்பார்த்திருந்தால், அவன் கண்ணில் பெரும்பாலும் பாசி படிந்த பாறைதான் பட்டிருக்கும். நாமும் அங்கே பார்த்தால் அதுதான் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நான் கிருமி மேல் பந்தயம் கட்டுவது இதனால்தான்.

தேடாமல் இல்லை. 1960-இல் ஃபிராங்க் டிரேக் இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்து ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பியதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒஹாயோவில் 72 நொடி நீளத்துக்குப் பலமான ஒரு சிக்னல் பதிவானது. அச்சடித்த தாளில் அதைப் பார்த்தவர் ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார், அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. எத்தனையோ முறை அதே திசையில் காதை வைத்தும் மறுபடி வரவில்லை. ஒரு தடவை வந்து போனதை வைத்து யாரோ கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

வாயேஜரில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் உலக மொழிகளில் வணக்கம் இருக்கிறதாமே. நம் தமிழ் உண்டுதானே? – வாசகி, மதுரை தெப்பக்குளம்

இல்லை சகோதரி. 55 மொழிகள் இருக்கின்றன. தெலுங்கு, கன்னடம், சிங்களம், இந்தி, மராத்தி, வங்காளம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. சதி ஒன்றும் இல்லை, கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் அகப்பட்டவர்களை வைத்து அவசர அவசரமாகப் பதிவு செய்தது, அந்த நேரம் நம்மாள் யாரும் சிக்கவில்லை போல. வருத்தம்தான். சுமேரிய மொழிக்கு இடம் இருந்திருக்கிறது, அதைப் பேசுகிற ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

நாமே சேதி அனுப்பி அவர்களை வரவழைத்துக்கொள்வது ஆபத்து இல்லையா? – வாசகர், சோழவந்தான்

1974-இல் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பிய சேதி போகிற இடம் சுமார் 25,000 ஒளியாண்டு தள்ளி. பதில் வர 50,000 வருடம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் பிளஸ் டூ பயாலஜி குரூப். இந்த ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில், அதற்கெல்லாம் இயற்பியல் படித்திருக்க வேண்டும், உனக்கு நர்சிங்தான் என்கிறார்கள். – மாணவி, அலங்காநல்லூர்

நர்சிங் நல்ல படிப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு இயற்பியல்காரர்கள் மட்டும் போதும் என்பது தப்பு. செவ்வாய்ப் பாறையைப் படிக்கிறவர் நிலவியல்காரர், பென்னு மண்ணில் அமினோ அமிலம் பார்த்தவர் வேதியியல்காரர், சேற்று நுண்ணுயிர் எதைச் சுவாசிக்கும் என்று சொல்ல உன் பாடம்தான் வேண்டும். 'உயிர் இல்லாமலே இது நடக்குமா' என்ற கேள்விக்குப் பதில் தேடுவதில் பாதி வேலை இங்கே பூமியில், ஆய்வகத்தில்தான் நடக்கிறது. மத்திய அரசின் ஐசர் (IISER) நிறுவனங்களில் அறிவியல் படிப்புக்கு நுழைவுத்தேர்வு உண்டு, உயிரியல் மாணவர்களும் எழுதலாம். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன, நமக்குத் தூரமில்லை. திருவனந்தபுரத்திலேயே விண்வெளித் துறையின் ஐஐஎஸ்டி இருக்கிறது, ஆனால் அதன் பி.டெக்.குக்குக் கணக்குப் பாடம் எடுத்திருக்க வேண்டும், ஜேஇஇ அட்வான்ஸ்டு வேறு எழுத வேண்டும்.

கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போய் விசாரிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். போய்ப் பார், 1899-இல் ஏற்படுத்திய இடம், ஆனால் அங்கே ஆராய்வது சூரியனை. உன் ஊர்க் கால்வாய்ச் சேற்றை ஒரு கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கொஞ்சம் முட்டை மஞ்சள் கருவும் கிழித்த செய்தித்தாளும் போட்டு, மூடியை லேசாக மூடி ஜன்னல் ஓரம் சில வாரம் வைத்தால் பச்சை, கறுப்பு, ஊதா என்று அடுக்கடுக்காக நுண்ணுயிர் கட்டும். வினோகிராட்ஸ்கி என்பவர் பெயரில் பாடப்புத்தகங்களில் இருக்கிற சோதனைதான். நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழும், மொட்டை மாடியில் வைத்துக்கொள்.